மாநிறம் மாநிறமாகவே இருக்கட்டும்: ‘ரா’ முறையில் படமெடுத்துத் திருத்தும் வழி

திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா எதுவானாலும் இன்று கேமரா இல்லாமல் நடப்பதில்லை. ஆனால், ஆல்பம் கைக்கு வந்த பிறகுதான் பல வீடுகளில் முணுமுணுப்பு தொடங்குகிறது. மணமகளின் முகம் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்திருக்கும். விளக்கு வெளிச்சத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்ற தாத்தாவின் முகம் கண்ணும் மூக்கும் தெரியாத அளவுக்குக் கறுத்திருக்கும். அரக்குச் சிவப்புப் புடவை ஆரஞ்சு நிறமாக மாறியிருக்கும்.

இதற்குப் படமெடுத்தவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வழக்கமான அமைப்பில் கேமரா தானே வெளிச்சத்தையும் நிறத்தையும் முடிவு செய்து, முடிந்துபோன படத்தைத்தான் கையில் கொடுக்கிறது. அந்த முடிவை இயந்திரத்திடமிருந்து மனிதர் தம் கைக்கு வாங்கிக்கொள்ளும் வழிதான் ‘ரா’ முறை. புதிதாகக் கேமரா வாங்கிய இளையோருக்கும், வார இறுதியில் விழாக்களைப் படமெடுத்து வருமானம் பார்ப்பவர்களுக்கும், வீட்டு விசேஷத்தைக் கைப்பேசியில் எடுப்பவர்களுக்கும் இது கைகொடுக்கும்.

அரிசியும் சோறும்

ரா என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சமைக்காதது, பச்சையானது என்று பொருள். கேமராவின் உள்ளே சென்சார் எனப்படும் ஒளி உணரும் சில்லு இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் அதில் விழுந்த ஒளியின் அளவு எண்களாகப் பதிவாகிறது. அந்த எண்களைப் பெரும்பாலும் அப்படியே சேமித்து வைப்பது ரா கோப்பு.

நாம் வழக்கமாகப் பார்க்கும் ஜேபெக் படமோ சமைத்து முடித்தது. கேமரா அந்த எண்களை எடுத்து, வெளிச்சம், நிறம், கூர்மை எல்லாவற்றையும் தன் கணக்குப்படி சேர்க்கிறது. பிறகு கோப்பு சிறியதாக இருக்க வேண்டும் என்பதற்காக, வேண்டாம் என்று அது கருதும் தகவலைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. அரிசி கையில் இருந்தால் சோறாக்கலாம், கஞ்சி வைக்கலாம், பொங்கலும் வைக்கலாம். குழைந்த சோற்றை மீண்டும் அரிசியாக்க முடியாது.

பிலிம் காலத்தைக் கண்டவர்களுக்கு இன்னும் எளிதாகப் புரியும். ஸ்டூடியோவில் கழுவி வாங்கிய நெகட்டிவ் போன்றது ரா. அதிலிருந்து போட்ட பிரிண்ட் போன்றது ஜேபெக். பிரிண்ட் சரியில்லை என்றால் நெகட்டிவைக் கொடுத்து வேறொன்று போடச் சொல்லலாம். நெகட்டிவ் இல்லாவிட்டால் இருக்கும் பிரிண்டோடு சமாதானம் ஆக வேண்டியதுதான்.

ரா கோப்புக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. கேனன் கேமராவில் சிஆர்2 அல்லது சிஆர்3, நிக்கோனில் என்இஎஃப், சோனியில் ஏஆர்டபிள்யூ என்று கோப்பின் பெயர் முடியும். எல்லாருக்கும் பொதுவாக அடோபி நிறுவனம் 2004ஆம் ஆண்டில் டிஎன்ஜி என்ற வடிவத்தைக் கொண்டு வந்தது. ரா எடுக்கும் கைப்பேசிகள் பலவும் இந்த டிஎன்ஜி வடிவத்தையே பயன்படுத்துகின்றன.

படிக்கட்டுக் கணக்கு

ஜேபெக் படம் 8 பிட் கொண்டது. அதாவது, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களில் ஒவ்வொன்றுக்கும் இருட்டிலிருந்து வெளிச்சம் வரை 256 படிகள் உண்டு. பத்துமலையின் 272 படிகளைவிடச் சற்றுக் குறைவு. ரா கோப்பு பொதுவாக 12 பிட் அல்லது 14 பிட் கொண்டது. 12 பிட்டில் 4,096 படிகள், 14 பிட்டில் 16,384 படிகள்.

படத்தைத் திருத்தாமல் பார்க்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. திருத்தத் தொடங்கும்போதுதான் தெரியும். இருட்டில் விழுந்த முகத்தை ஜேபெக்கில் பிரகாசமாக்கினால், இருக்கும் கொஞ்சப் படிகளை இழுத்து நீட்ட வேண்டியிருக்கிறது. கன்னத்தில் நிறம் திட்டுத் திட்டாகப் பிரியும். அதே முகம் ரா கோப்பில் இருந்தால், இழுத்தாலும் தாங்கும்.

நம் தோல் நிறமும் இயந்திரத்தின் கணக்கும்

கேமராவின் ஒளி அளவி எதிரே இருப்பது யார் என்று அறியாது. எந்தக் காட்சியும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்பதே அதன் அடிப்படைக் கணக்கு. வெள்ளை வேட்டி சட்டையில் பத்துப் பேர் நின்றால், வெளிச்சம் அதிகம் என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கும். அவர்களின் முகங்கள் மேலும் கறுக்கும். கறுப்புத் திரைக்கு முன்னால் மாநிற முகம் இருந்தால், வெளிச்சம் போதவில்லை என்று எண்ணி முகத்தை வெளுக்கச் செய்யும். புதிய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்து ஓரளவு சரிசெய்கின்றன என்றாலும் தவறு முழுமையாகத் தீரவில்லை.

இந்தச் சிக்கல் பிலிம் காலத்திலிருந்தே வருகிறது. வட அமெரிக்காவின் பிரிண்ட் போடும் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரிப் படம் பல ஆண்டுகள் பயன்பட்டது. வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண்ணின் படம் அது. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொள்ளப்பட்டது. கறுத்த தோல் எப்படி வருகிறது என்று பார்க்க அதில் இடமே இல்லை. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். பிலிமில் பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்று கோடாக் நிறுவனத்துக்கு அழுத்தம் கொடுத்தவர்களில் மரச்சாமான் விற்பவர்களும் சாக்லேட் விளம்பரக்காரர்களும் இருந்தார்கள் என்பது அந்த வரலாற்றில் வரும் ஒரு செய்தி.

இன்று அந்த இடத்தைக் கைப்பேசியின் ‘அழகூட்டும்’ வசதி பிடித்துக்கொண்டிருக்கிறது. கேட்காமலே தோலை வழவழப்பாக்கி, நிறத்தையும் ஏற்றிவிடும் கைப்பேசிகள் உண்டு. ரா முறையில் இந்தப் பூச்சு வேலை எதுவும் தானாக நடப்பதில்லை. முகம் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதைப் படமெடுத்தவரும் படத்தில் இருப்பவரும் முடிவு செய்யலாம்.

படமெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் கேமராவின் மெனுவில் படத் தரம் என்ற பகுதிக்குச் சென்று ரா என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் ‘ரா + ஜேபெக்’ என்று வைத்துக்கொள்வது நல்லது. உடனே அனுப்ப ஜேபெக், நிதானமாகத் திருத்த ரா என்று இரண்டும் கிடைக்கும். இடம் அதிகம் பிடிக்கும் என்பதை மறக்கக்கூடாது. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா கோப்பு, சுருக்கும் முறையைப் பொறுத்து, ஏறக்குறைய 20 முதல் 50 எம்பி வரை வரும். ஒரு கோப்பு 30 எம்பி என்று கொண்டால், 64 ஜிபி அட்டையில் சுமார் 2,000 படங்கள் அடங்கும். முழு நாள் கல்யாணத்துக்கு இன்னோர் அட்டை கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது வெளிச்ச அளவு. ரா கோப்பிலும் ஒரேயடியாக வெளுத்துப்போன இடத்தை மீட்க முடியாது. அங்கே பதிவான தகவலே இருக்காது. வெள்ளை வேட்டியின் மடிப்பு, நெற்றித் திருநீறு, வெள்ளிப் பால்குடம், பட்டுப் புடவையின் சரிகை ஆகியவை முதலில் வெளுக்கும் இடங்கள். கேமராவில் வெளுத்த இடங்களைக் கண்சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கை வசதி இருந்தால் அதைப் போட்டுவைக்கலாம். குத்துவிளக்கின் சுடர் வெளுத்தால் பரவாயில்லை. மணமகளின் நெற்றி வெளுக்கக்கூடாது.

அதற்காக எல்லாவற்றையும் இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பதும் தவறு. 14 பிட் கோப்பின் 16,384 படிகளில் பாதி, அதாவது 8,192 படிகள், மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப் அளவு வெளிச்சத்துக்கே போய்விடுகின்றன. அடுத்த ஸ்டாப்புக்கு 4,096, அதற்கடுத்ததற்கு 2,048 என்று குறைந்துகொண்டே வரும். இருட்டுப் பகுதிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதை அளவுக்கு மேல் ஏற்றினால் படத்தில் மணல் தூவியது போல் புள்ளிகள் எழும். ஆகவே, முக்கியமான வெண்மை வெளுக்காத எல்லை வரை வெளிச்சம் விட்டு எடுப்பதே முறை.

ரா எதையெல்லாம் காப்பாற்றாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். குவியம் தப்பிய படத்தை அது கூர்மையாக்காது. ஆட்டத்தில் கலங்கிய படத்தைச் சரிசெய்யாது. உறுமி மேளத்துக்கு ஆடுபவரையோ தீமிதியில் ஓடுபவரையோ எடுக்கும்போது ஷட்டர் வேகம் நொடியில் 250இல் ஒரு பங்கு அல்லது அதற்கும் வேகமாக இருந்தால்தான் உருவம் தெளிவாக நிற்கும். அதற்காக ஐஎஸ்ஓ அளவை ஏற்ற வேண்டியிருந்தால் தயங்க வேண்டாம். புள்ளிகளைப் பிறகு குறைக்கலாம், கலங்கலைக் குறைக்க முடியாது.

எண்ணெய் விளக்கு, டியூப் விளக்கு, பகல் வெளிச்சம்

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் குறிப்பார்கள். எண்ணெய் விளக்கின் சுடர் சுமார் 1,900 கெல்வின், பழைய மஞ்சள் குண்டு விளக்கு சுமார் 2,700, நண்பகல் வெயில் சுமார் 5,500, மர நிழல் 7,000க்கு மேல். எண் குறைந்தால் மஞ்சள், எண் கூடினால் நீலம். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் கருவறையின் எண்ணெய் விளக்கு, மண்டபத்து டியூப் விளக்கு, பந்தலில் தொங்கும் வண்ண விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் எரியும். எந்த ஒளியை நம்புவது என்று கேமரா குழம்பும்.

ஜேபெக்கில் இந்தக் குழப்பம் படத்திலேயே பதிந்துவிடும். ரா கோப்பில் ‘வைட் பேலன்ஸ்’ எனப்படும் வெண்மைச் சமநிலை வெறும் குறிப்பாகவே சேமிக்கப்படுகிறது. வீட்டுக்கு வந்த பிறகு, தரம் குறையாமல் மாற்றிக்கொள்ளலாம். வேலையை எளிதாக்க, ஒவ்வொரு வெளிச்சத்திலும் ஒருமுறை சாம்பல் நிற அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்துவைத்தால் போதும். திருத்தும்போது அந்த அட்டையைத் தொட்டுக் காட்டினால் நிறம் சரியாகிவிடும். வெள்ளை வேட்டியையும் அளவாகக் கொள்ளலாம் என்பார்கள். ஆனால், நீலம் போட்டு வெளுத்த வேட்டி உண்மையான வெண்மை ஆகாது. அதை நம்பினால் முகம் மஞ்சள் பக்கம் சாயும்.

மேடை வண்ண விளக்குகளில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஊதா எல்இடி ஒளி மட்டுமே விழும் முகத்தில் சிவப்பு, பச்சைத் தகவல் போதிய அளவு பதிவாவதில்லை. ராவாலும் அங்கே அதிகம் செய்ய முடியாது. வெள்ளை விளக்கு எரியும் நேரம் பார்த்து எடுப்பதே வழி.

திருத்தும் வரிசை

கணினியில் திருத்த இலவச மென்பொருள்களே போதும். டார்க்டேபிள், ராதெரப்பி ஆகிய இரண்டும் கட்டணமில்லாதவை. கேனன், நிக்கோன், சோனி நிறுவனங்களும் தங்கள் கேமராவுக்கான மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. அடோபி லைட்ரூம் சந்தா கட்டிப் பயன்படுத்துவது. எதைப் பயன்படுத்தினாலும் மூலக் கோப்பு மாறாது. செய்த திருத்தங்கள் தனிக் குறிப்பாகச் சேமிக்கப்படும். எவ்வளவு தடுமாறினாலும் முதலிலிருந்து தொடங்கலாம் என்பதால் புதியவர்கள் பயமில்லாமல் பழகலாம்.

முதலில் அட்டையில் உள்ள எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் படியெடுத்த பிறகே அட்டையை அழிக்க வேண்டும். பிறகு கண் மூடியவை, கலங்கியவை நீக்கி நல்லவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். அடுத்து வெண்மைச் சமநிலை. மஞ்சள் தூக்கலாக இருந்தால் கெல்வின் எண்ணைக் குறைக்க வேண்டும், நீலம் தூக்கலாக இருந்தால் கூட்ட வேண்டும். டியூப் விளக்கின் பச்சைச் சாயலை, பக்கத்தில் உள்ள ‘டின்ட்’ அளவை மெஜந்தா பக்கம் நகர்த்திக் குறைக்கலாம்.

நிறம் சரியான பிறகு வெளிச்சம். முதலில் முகத்தைப் பார்த்து மொத்த வெளிச்சத்தை அமைத்து, பிறகு ‘ஹைலைட்’ அளவைக் குறைத்து வேட்டி மடிப்பையும் சரிகையையும் மீட்டு, ‘ஷேடோ’ அளவைச் சற்றே ஏற்றிக் கூந்தலையும் நிழலில் உள்ள முகங்களையும் தெளிவாக்கலாம். இரண்டையும் எல்லை வரை தள்ளினால் படம் தட்டையாகும். மாநிறத் தோலுக்கு இயல்பாகவே ஒரு பளபளப்பு உண்டு. ஹைலைட்டை அளவுக்கு மேல் அடக்கினால் அந்த உயிரோட்டம் போய், முகம் சாம்பல் பூத்தது போல் ஆகிவிடும்.

நிறங்களைத் தனித்தனியாகத் திருத்தும் பகுதியில்தான் பெரிய தவறு நடக்கிறது. எல்லா இன மக்களின் தோலும் பெரும்பாலும் ஆரஞ்சு நிறப் பகுதியில்தான் விழுகிறது. அந்த ஆரஞ்சின் ஒளிர்வை ஏற்றினால் ஒரே இழுப்பில் முகம் வெளுக்கும். ஆல்பங்களில் மணமகள் இரண்டு மூன்று நிறம் ஏறித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அதே இழுப்பில் தாலியின் தங்கமும் சந்தனமும் செவ்வந்தி மாலையும் சேர்ந்து வெளுப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கை, கழுத்து, முகம் மூன்றும் ஒரே நிறத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தால் தவறு பிடிபட்டுவிடும்.

கடைசியாகப் புள்ளிகளைக் குறைப்பதும் கூர்மை சேர்ப்பதும். புள்ளிகளை முழுவதும் துடைத்தால் முகம் மெழுகுப் பொம்மையாகும். பாட்டியின் முகச்சுருக்கம் இருந்தால்தான் அது பாட்டியின் முகம். எல்லாம் முடிந்ததும் ‘எஸ்ஆர்ஜிபி’ நிற அமைப்பில் ஜேபெக்காக வெளியேற்ற வேண்டும். இருட்டறையில் திரையின் வெளிச்சத்தை முழுவதும் ஏற்றி வைத்துத் திருத்தினால் அச்சிட்ட படம் இருட்டாக வரும். திரை வெளிச்சத்தைக் குறைத்து, முதலில் ஒரே ஒரு படத்தை அச்சிட்டுப் பார்ப்பது நல்லது.

பத்துமலைக் குகைக்குள் ஒரு காட்சி

தைப்பூசத்தன்று படியேறிக் குகைக்குள் வரும் பக்தரை எடுத்துக்கொள்வோம். குகையின் கூரைத் திறப்பு வழியாகப் பகல் வெளிச்சம் விழுகிறது. சுற்றிலும் பாறை இருட்டு. கேமரா பாறையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்ட நினைக்கும். அப்போது பால்குடமும் திருநீறும் வெளுத்துவிடும். இங்கே எக்ஸ்போஷர் அளவை ஒரு ஸ்டாப் அளவுக்குக் குறைத்து, பால்குடம் வெளுக்காமல் எடுக்க வேண்டும். மஞ்சள் உடைக் கூட்டம் சட்டத்தை நிறைத்தால், தானியங்கி வெண்மைச் சமநிலை அதை மஞ்சள் வெளிச்சம் என்று எண்ணி நீலத்தைக் கூட்டிவிடும். திருத்தும்போது, நெற்றியில் கெட்டியாகப் பூசிய திருநீற்றைத் தொட்டுக் காட்டினால் நிறம் ஏறக்குறைய சரியான இடத்துக்கு வந்துவிடும். மெல்லியதாகப் பூசிய இடத்தில் தோல் நிறம் கலந்திருக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். பிறகு பாறையைப் பாறையாகவே இருட்டில் விட்டு, முகத்தை மட்டும் சற்று ஏற்றினால் கண்ணால் கண்ட காட்சி கிடைக்கும்.

கைப்பேசியில் முடியுமா?

முடியும். ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் 2014இல் வந்த 5.0 பதிப்பிலிருந்தே ரா எடுக்க வழி உண்டு. பல கைப்பேசிகளில் ‘புரோ’ என்ற பகுதியில் அது இருக்கும். ஐபோனில் 12 புரோ வகையிலிருந்து ‘ஆப்பிள் புரோரா’ இருக்கிறது. ஸ்னாப்சீட் செயலி டிஎன்ஜி கோப்பைத் திறக்கும். கைப்பேசியின் சாதாரணப் படம் பல படங்களை ஒன்றாக இணைத்து உருவாவது. தனி ரா கோப்பில் அந்த இணைப்பு இல்லாமல் இருந்தால், முதலில் மங்கலாகவும் புள்ளியாகவும் தெரியும். திருத்திய பிறகே தெளிவாகும். முடித்த படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் தரம் குறையாது.

எங்கே நிறுத்துவது?

வெளிச்சத்தையும் நிறத்தையும் கண்ணால் கண்டபடி திருத்துவது ஒன்று. இல்லாததைச் சேர்ப்பதும் இருந்ததை நீக்குவதும் வேறு. செய்தித் துறையில் இந்த எல்லை கடுமையானது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2015இல், ரா கோப்பிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்ப வேண்டாம், கேமராவிலேயே ஜேபெக்காகப் பதிவானதையே அனுப்புங்கள் என்று தனக்குப் படம் தரும் சுயேச்சைப் படக்காரர்களிடம் சொன்னது. வேகமும் நம்பகத்தன்மையும் அதற்கான காரணங்கள். மறுபக்கம், வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ போட்டியில் இறுதிச் சுற்றுகளை எட்டும் படங்களுக்கு மூலக் கோப்புகளைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கிறார்கள். நெகட்டிவைப் போலவே ரா கோப்பும் ஒரு சாட்சி.

குடும்பங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. முன்பணம் கொடுக்கும் முன்பே படக்காரரிடம் சில கேள்விகளைக் கேட்டுவிடலாம். ரா முறையில் எடுப்பீர்களா, எத்தனை காலம் கோப்புகளை வைத்திருப்பீர்கள், நிறத்தை வெளுக்காமல் தர முடியுமா, ஒரு மாதிரிப் படம் முதலில் காட்டுவீர்களா? பல படக்காரர்கள் ரா கோப்புகளைக் கொடுப்பதில்லை. அது அவர்கள் தொழில் முறை. கொடுப்பார்களா மாட்டார்களா என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது. வெளுக்கச் சொல்லிக் கேட்பதும் சில வேளைகளில் குடும்பத்தாரே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மணமகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்வது நியாயம்.

தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியான பிறகு, அங்கிருந்த லயமும் கோயிலும் பலருக்குப் படத்தில்தான் மிஞ்சியிருக்கின்றன. இன்று எடுக்கும் படங்களும் நாளை அப்படித்தான் பார்க்கப்படும். இப்போதைய மென்பொருளால் எடுக்க முடியாத தெளிவை வருங்கால மென்பொருள் அதே ரா கோப்பிலிருந்து எடுக்கக்கூடும். அதனால் திருத்திய ஜேபெக்கோடு மூலத்தையும் இரண்டு வெளித் தகடுகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைப்பது பாதுகாப்பு.

தொடங்குவதற்குத் திருவிழா வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரைச் சன்னல் ஓரம் உட்காரவைத்து, ரா + ஜேபெக் முறையில் பத்துப் படங்கள் எடுத்தால் போதும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திருத்தி, கேமரா தந்த ஜேபெக்கோடு பக்கத்தில் வைத்து, எந்தப் படம் தம்மைப் போல் இருக்கிறது என்று அவரிடமே கேட்கலாம். அவர் கைகாட்டும் படத்தில் என்ன சரியாக இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து பாடம் தொடங்கும்.